எட்டு மணி நேரம் யாருக்கு?

“நாடு வளர வளர மனுசனுக்கு வேலை கூடுமா, குறையுமா மாமா?” அக்கா மகன் கேட்டான். பொறியியல் கடைசி வருடம் படிக்கிறான். வாரம் எழுபது மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி சொன்னதும், தொண்ணூறு மணி நேரம் என்று 2025 தொடக்கத்தில் எல் அண்ட் டி தலைவர் சொன்னதும் அவன் நண்பர்களிடையே பெரிய விவாதமாம். கீரனூர் சாலையோர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட கேள்வி. ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை. அன்று சொன்னதோடு, சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்துப் பொறுமையாக எழுதுகிறேன்.

குறையும் என்பதுதான் சுருக்கமான பதில். ஜெர்மனியில் 1870 வாக்கில் ஒரு தொழிலாளி வருடத்துக்கு 3,000 மணி நேரத்துக்கும் மேல் உழைத்தார். இன்று அங்கே அது 1,350 மணி நேரத்தை ஒட்டி நிற்கிறது. தென்கொரியாவில் 1980-களில் 2,500-ஐத் தாண்டியிருந்தது, இப்போது 1,900-க்கும் கீழே வந்துவிட்டது. இந்தியாவில் வேலையில் இருப்பவர் வாரத்துக்குச் சராசரியாக 47 மணி நேரம் உழைக்கிறார், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 49 மணி நேரத்தைத் தாண்டுகிறார்கள் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு. ஆக, ஏழை நாட்டுக்காரன் சோம்பேறி, பணக்கார நாட்டுக்காரன் உழைப்பாளி என்ற பேச்சுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அதிக நேரம் உழைப்பவர்கள் ஏழை நாட்டுக்காரர்கள்தான்.

அப்படியானால் அவ்வளவு நேரமும் எங்கே போகிறது? அதைப் புரிந்துகொள்ள அந்த டீக்கடையே போதும்.

விடியற்காலை நாலு மணிக்குப் பால் அடுப்பில் ஏறுகிறது. இரவு ஒன்பதரைக்குத்தான் பாய்லர் அணைகிறது. கடைக்காரர், அவர் மனைவி, சம்பளத்துக்கு ஒரு மாஸ்டர். காலை ஐந்திலிருந்து எட்டு வரை கை ஓயாது. மாலை நாலிலிருந்து ஏழு வரையும் அப்படித்தான். நடுவே பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை, ஒரு லாரி நின்றால் நாலு டீ, இல்லாவிட்டால் ஈ ஓட்டுவதுதான். ஆனாலும் அடைக்க முடியாது. அந்த நாலு டீயும் சேர்ந்தால்தான் அன்றைய வட்டிப் பணம். பதினேழு மணி நேரம் கடை திறந்திருக்கிறது, டீ ஆற்றுகிற நேரம் ஏழோ எட்டோதான். மீதி முழுக்கக் காத்திருப்பு. முதலாளி என்று யாரும் அவரை மிரட்டவில்லை. வருமானம்தான் அவரை அந்த ஸ்டூலை விட்டு எழவிடாமல் வைத்திருக்கிறது.

பொருளாதார நூல்கள் இந்த நேரத்தை “சுயதொழில்” என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகின்றன. நான் அதைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். ஏழ்மையான பொருளாதாரத்தில் மனிதனின் நேரத்தைத் தின்பது உழைப்பு மட்டும் இல்லை, காத்திருப்பும்தான். கிராக்கிக்குக் காத்திருப்பது, டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பது, தெருக்குழாயில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருப்பது, மேஸ்திரி வந்து “நீ வா, நீ வா” என்று ஆள் பொறுக்கும்வரை காலை ஆறு மணிக்குத் தூக்குவாளியோடு ரோட்டோரத்தில் நிற்பது. வளர்ச்சி என்று ஒன்று வந்தால் அது முதலில் எடுப்பது இந்தக் காத்திருப்பைத்தான். அப்படி மிச்சமான நேரம் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கிறது.

வயலிலும் இதே காத்திருப்புதான். கீரனூர் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைவது வடகிழக்குப் பருவமழையை நம்பி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் நடவுக்கும் களைக்கும் ஆள் கிடைக்காது, தை அறுப்பில் இடுப்பு நிமிராது. மழை பொய்த்தால் ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வேலை இருக்கும் நாளில் பதினான்கு மணி நேரம், இல்லாத நாளில் ஒன்றுமில்லை. இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டு ஒரு எண்ணைச் சொன்னால் அந்த எண்ணில் எந்த விவசாயக் கூலியும் தெரியமாட்டார்.

இப்போது அறுப்பு மெஷின் வந்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் ஒரு நாள் முழுக்க அறுத்த ஏக்கரை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு அடுத்த வயலுக்குப் போகிறது. நிலத்துக்காரருக்கு நேரம் மிச்சம், கூலியும் மிச்சம். அறுத்த பத்துப் பேருக்கும் நேரம் மிச்சம்தான், ஆனால் அந்த நேரத்தை வாங்கிக்கொள்ள அருகில் ஆலை இல்லை. ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கிளம்பினார்கள். அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்து இளைஞர்கள் சிங்கப்பூருக்குப் போனார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்கு அட்டையோடு காத்திருந்தார்கள்.

விவசாயத்திலிருந்து ஆட்கள் வெளியேறி ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போவதுதான் வளர்ச்சியின் வழக்கமான பாதை. இந்தியாவில் அந்தப் பாதை இடையில் திரும்பியே போனது. 2018-19-இல் உழைப்பாளர்களில் 42.5 விழுக்காட்டினர் விவசாயத்தில் இருந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு, 2023-24-இல், அது 46.1 விழுக்காடு. நாட்டு வருமானத்தில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கிட்டத்தட்டப் பாதிப்பேர் ஐந்தில் ஒரு பங்கு வருமானத்தைப் பகிர்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் அதில் காத்திருப்பு எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர் போனவர்களின் கதை இதில் ஒரு பாடம். அங்கே சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேரம்தான் வழக்கமான வேலை. ஆனால் கட்டடவேலைக்குப் போன நம் பையன்களிடம் பேசிப் பாருங்கள், எல்லோரும் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இருக்கிற கம்பெனியைத்தான் தேடுவார்கள். ஏஜென்டுக்குக் கட்டிய கடன் வட்டியோடு நிற்கிறது, அடிப்படைச் சம்பளம் அதற்கே சரியாகப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமையும் வேலை கிடைத்தால் சந்தோஷப்படுவார்கள். ஒரு மணி நேரத்தின் விலை மலிவாக இருக்கும்வரை மனிதன் ஓய்வை விற்றுக்கொண்டேதான் இருப்பான். அதன் விலை ஏறினால்தான் “இது போதும், வீட்டுக்குப் போகிறேன்” என்று சொல்லும் தைரியம் வரும். உலகம் முழுக்க வேலை நேரம் குறைந்ததன் முதல் காரணம் இதுதான்.

மணி நேரத்தின் விலை எப்படி ஏறும்? இயந்திரம் வந்தால் ஏறும் என்பார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இந்தப் புதுக்கோட்டை மாவட்டமே 1990-களின் தொடக்கத்தில் செய்து காட்டியிருக்கிறது, அதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அப்போது ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியர். எழுத்தறிவு கொடுக்கும் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்துகொண்டிருந்தது. எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைத்தவர்கள், செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டியவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூக்காரிகள், ஆசிரியைகள் என்று பல்லாயிரம் பெண்கள் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் தீர்ந்துபோனபோது பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்பதால் அதுவே நல்லது என்றவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பார்த்து விரிவாக எழுதினார்.

எல்லோரும் இதைப் பெண் சுதந்திரத்தின் கதையாகச் சொல்கிறார்கள். சரிதான். நேரத்தின் கதையாகவும் படிக்க வேண்டும் என்பேன். கீரை, காய், பூ எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிற பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பு பஸ் நிறுத்தத்துக்கு நடக்க வேண்டும், போக பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டும், திரும்பி வர மறுபடி காத்திருக்க வேண்டும். பிள்ளை பள்ளி விட்டு வருவதற்குள் வீடு சேர வேண்டும் என்பதால் சரக்கை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஓடிவர வேண்டும். சைக்கிள் வந்ததும் இரண்டு ஊர் கூடுதலாகப் போகலாம், நல்ல விலை வரும்வரை நிற்கலாம், தண்ணீர்க் குடத்தையும் அதிலேயே கட்டிவரலாம். ஆலை ஒன்றும் வரவில்லை, முதலீடு என்று ஆயிரம் கோடி ஒன்றும் இறங்கவில்லை. காத்திருப்பு மட்டும்தான் போயிற்று. அதுவே வருமானத்தையும் ஓய்வையும் ஒருசேரக் கூட்டியது.

கல்குவாரியில் நடந்தது இன்னும் கூர்மையானது. குடுமியான்மலை போன்ற இடங்களில் ஒப்பந்தக்காரருக்குக் கூலியாகக் கல் உடைத்த பெண்களுக்கு, குழு அமைத்துக் குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுக்கும் வாய்ப்பை அரசு கொடுத்தது. அதே பாறை, அதே சம்மட்டி, அதே வெயில். ஒரு மணி நேரத்தில் உடைபட்ட கல் ஒரு கூடைகூட அதிகமில்லை. ஆனால் இடையில் இருந்தவர் போனதும் அந்த ஒரு மணி நேரத்துக்குக் கிடைத்த காசு கூடியது. விளைச்சல் கூடாமலே பங்கு கூடினாலும் நேரத்தின் விலை ஏறும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது. இன்று அந்தக் கல்லைக் கிரஷர்கள் உடைக்கின்றன. செயற்கைக் கல் பட்டை தீட்டும் தொழிலும், சீனாவிலிருந்து மலிவான கல் வந்து குவிந்ததும் திருச்சி வட்டாரம் முழுக்கச் சுருங்கிப்போயிற்று. இயந்திரம் எங்கே இருக்கிறது, யாருடையது என்பதைப் பொறுத்தே அது ஒருவருக்கு ஓய்வாகவும் இன்னொருவருக்கு வேலையின்மையாகவும் போய்ச் சேர்கிறது.

இயந்திரம் வராத இடத்தைப் பார்க்க, புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டை போய்ப் பாருங்கள். முந்திரிக்கொட்டையைச் சட்டியில் வறுக்கும்போது தோட்டிலிருக்கும் எண்ணெய் தீப்பிடித்துக் கரும்புகை எழும். வறுத்ததை மண்ணில் கொட்டி, ஆறியதும் ஒவ்வொன்றாகக் கட்டையால் தட்டிப் பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கும், அதனால் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொண்டு தட்டுகிறார்கள். முழுப் பருப்புக்குத்தான் விலை, ஒரு தட்டு அதிகம் போனால் இரண்டாகிவிடும். கூலி எடைக்கணக்கு. எடைக்கணக்கில் வேலை செய்பவருக்கு எட்டு மணி நேரம் என்ற பேச்சே கிடையாது. கை ஓயும்போதுதான் வேலை ஓயும். இதே பருப்பைப் பெரிய ஆலைகளில் நீராவியில் அவித்து, வெட்டும் கருவியில் உடைக்கிறார்கள். அங்கே மணிக்கணக்கு உண்டு, ஷிப்ட் உண்டு. சட்டியில் வறுத்துக் கையால் உடைத்ததன் வாசனைக்காகக் காரை நிறுத்தி வாங்குகிறோம். அந்த வாசனைக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலையில் தட்டுகிறவருக்கு எவ்வளவு சேர்கிறது என்று கேட்டால் நல்லது.

எட்டு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். அதிகாலையில் தொடங்கி இருட்டும்வரை நூற்ற தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் 1908 பிப்ரவரி இறுதியில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். கேட்டது கூலி உயர்வு, நேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. 1918-இல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் அதை நடத்தினார்கள். 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே வேலை நேரத்தைப் பற்றியதுதான்: நாளுக்கு எட்டு, வாரத்துக்கு 48 மணி நேரம். இந்தியாவுக்கு மட்டும் தனி விதி வைத்து 60 என்றார்கள். 1922 தொழிற்சாலைச் சட்டத்தில் அந்த 60 வந்தது, 1934-இல் 54 ஆனது. அம்பேத்கர் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946-இல் 48-க்கு இறங்கியது. 1948 சட்டம் அதை நிலைநிறுத்தியது. ஆறுமணி நேரம் ஆறுமணி நேரமாகக் குறைவதற்கு ஒவ்வொரு முறையும் பல ஆண்டுகளின் உழைப்பும் வழக்கும் சிறையும் தேவைப்பட்டிருக்கின்றன.

“அப்ப வளர்ச்சி வந்தா தானா குறையாதா?” என்றான் மருமகன். அமெரிக்காவையும் ஜெர்மனியையும் ஒப்பிட்டுப் பார் மாப்ள, என்றேன். இரண்டும் பணக்கார நாடுகள். ஒரு மணி நேரத்தில் இரு நாட்டாரும் விளைவிப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அமெரிக்கத் தொழிலாளி வருடத்துக்குச் சுமார் 1,800 மணி நேரம் உழைக்கிறார், ஜெர்மானியரைவிட 400 மணி நேரத்துக்கும் மேல் அதிகம். ஜெர்மனியில் சங்கங்கள் பலமாக உட்கார்ந்து பேசி விடுப்பு வாங்கின, பகுதிநேர வேலையும் அங்கே அதிகம். கொரியாவில் 2018-இல் வாரத்தின் உச்சவரம்பை 68-லிருந்து 52 மணி நேரமாகச் சட்டம் போட்டுத்தான் இறக்கினார்கள். வளர்ச்சி கதவைத் திறக்கும். உள்ளே போவதற்கு யாராவது கேட்க வேண்டும்.

கேட்காவிட்டால் வந்த நேரமும் திரும்பிப் போகலாம். 2023 ஏப்ரல் 21-ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க அனுமதிக்க அது வழி செய்தது. வாரத்துக்கு 48 என்ற வரம்பு மாறாது, நாலு நாள் வேலை செய்து மூன்று நாள் ஓய்வெடுக்கலாம் என்று விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். என் கருத்தைக் கேட்டால், திரும்பப் பெற்றதே சரி. பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு விராலிமலைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற பெண்ணுக்குப் பயணமும் சேர்ந்தால் பதினைந்து மணி நேரம். அந்த நாலு நாளும் அவள் பிள்ளையின் முகத்தை விழித்த நிலையில் பார்க்க முடியாது.

ஆனால் இந்தச் சட்டமெல்லாம் யாருக்கு? மின்சாரத்தில் ஓடும் ஆலை என்றால் பத்துப் பேராவது இருக்க வேண்டும் என்றது 1948 சட்டம். ஆதனக்கோட்டை முந்திரி அடுப்புக்கும் கீரனூர் டீ மாஸ்டருக்கும் அந்தத் தொழிற்சாலைச் சட்டம் எட்டியதே இல்லை. கடைகளுக்கு 1947-இலேயே தனிச் சட்டம் வந்தது, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று அதிலும் இருக்கிறது. புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் தீபாவளிக் கூட்டத்தில் ஜவுளி எடுத்துப் போடுகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எட்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். காலை பத்துக்கு நின்றால் இரவு கடை சாத்தும்வரை கால்தான். சேலையை விரித்துக் காட்டி, மடித்து, மறுபடி விரித்து. கூட்டம் இல்லாத மதியத்திலும் உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் மரியாதை இல்லை என்பது கடைகளின் எழுதாத விதி. டீக்கடைக்காரரின் காத்திருப்பாவது ஸ்டூலில். இவர்களுடையது நின்றபடி. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்றது. கேரளம் 2018-இல் செய்ததைத் தொடர்ந்து நாம் செய்தது. ஜவுளி எடுக்கப் போகும்போது அந்த ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்காருகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் ஒரு வார்த்தை கேளுங்கள். வாங்க வந்தவர் கேட்டால் மதிப்பு உண்டு.

இதுவரை சொன்னதெல்லாம் கூலி உள்ள நேரம். பெண்களுக்குக் கூலி இல்லாத நேரம் இதைவிடப் பெரியது. 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்கிற இந்தியப் பெண் அதற்கென்று நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார். வீட்டுவேலை செய்கிற ஆண் 88 நிமிடம். 2019-இல் இது 299, 97. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆணும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார். கிரைண்டர், கேஸ் அடுப்பு, வீட்டுக்குழாய் எல்லாம் வந்தும் இவ்வளவுதான். ஆட்டுரலில் ஒரு மணி நேரம் ஆட்டிய மாவை கிரைண்டர் ஆட்டுகிறது, உண்மை. முன்பு வாரம் ஒருநாள் இட்லி, இப்போது தினமும் இட்லி.

நாடு ஏழ்மையிலிருந்து மேலேறும்போது பெண்கள் முதலில் வயலிலிருந்து வீட்டுக்குள் போவார்கள், படிப்பும் அலுவலக வேலையும் பெருகிய பிறகே மறுபடி வெளியே வருவார்கள் என்பது பொருளியலாளர் கிளாடியா கோல்டின் காட்டிய வரலாறு. 2023-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் 2017-18-இல் 23.3 விழுக்காடு, 2023-24-இல் 41.7. கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் கூடியதில் பெரும்பகுதி கிராமத்தில், சொந்த வயலிலும் குடும்பக் கடையிலும் சம்பளமில்லாமல் கைகொடுப்பவர்களும் சிறு சுயதொழில் செய்பவர்களும்தான். அந்த டீக்கடையில் வடை தட்டுகிற மனைவியை இப்போது கணக்கில் எழுதுகிறார்கள். அவருக்கென்று ஒரு ரூபாய் தனியாக இன்னும் வரவில்லை.

எந்த ஏற்பாடு இதில் கொஞ்சமாவது நேரத்தை விடுவிக்கிறது என்று தேடினால் எனக்குக் கண்ணில் படுவது அரசுத் தொடக்கப் பள்ளிகளின் காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்தது. விடியலில் வயலுக்கோ கம்பெனி பஸ்ஸுக்கோ கிளம்புகிற தாய்க்கு ஒரு வேளைச் சமையல் குறைகிறது. அதைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். வீட்டில் கிளறினால் எந்தக் கணக்கிலும் ஏறாத ரவை உப்புமாவுக்குப் பள்ளிச் சமையலறையில் ஊதியம் உண்டு, நேரம் உண்டு, கையெழுத்துப் போட ஒரு பதிவேடும் உண்டு.